ஜிம் மாஸ்டர் வேலை ஒரு வேலையா?

பையன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறான். வீட்டில் ஒரே சண்டை. "சேர், இவன் ஜிம்மில மாஸ்டரா நிக்கப் போறானாம். அது ஒரு வேலையா சேர்? நீங்களே சொல்லுங்க" என்று உவர்மலைப் பக்கம் தெரிந்த ஒருவர் வழியில் நிறுத்திக் கேட்டார். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மாதம் பிறந்தால் சம்பளமும் வயது போனால் சேமலாப நிதியும் வருவதைத்தான் அவர் வேலை என்பார். பையன் கைபேசியில் டுபாய் ட்ரெயினர்களின் காணொளி பார்த்து வளர்ந்தவன். நான் அன்று ஏதோ மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி இப்போது திருகோணமலையில் பல வீடுகளில் கேட்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊரில் விசில் போட்ட எல்லாரும் மாஸ்டர்தான். பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறவர் ஆசிரியர்; கல்வியியற் கல்லூரியோ பல்கலைக்கழகமோ முடித்து, அரச சம்பளம் வாங்குகிறவர். பிரதேச செயலகத்தில் இருக்கும் விளையாட்டு உத்தியோகத்தர் அரச ஊழியர். மக்கெய்சர் மைதானத்தில் ஓட்டக்காரரை நேரக் கருவியோடு துரத்துகிறவர் விளையாட்டுப் பயிற்றுவிப்பாளர். பிசியோதெரபிஸ்ட் வேறு சாதி. அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்று நோயாளியைத் தொடுகிறவர். ஜிம்முக்குள்ளேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் தளத்தில் நிற்கும் பயிற்றுநர்: கதவு திறப்பது, இயந்திரம் காட்டுவது, சிதறிக் கிடக்கும் இரும்புத் தட்டுகளை அடுக்குவது எல்லாம் அவர் தலையில், மாதச் சம்பளம். மற்றவர்தான் பெர்சனல் ட்ரெயினர், தனிப் பயிற்றுநர்: ஒரு ஆளை எடுத்து, அந்த ஆளின் உடம்புக்கும் வயதுக்கும் வருத்தத்துக்கும் ஏற்ற திட்டம் போட்டு, அந்த மணித்தியாலத்துக்குக் காசு வாங்குகிறவர். பையன் முதலாவதாகத் தொடங்குவான். இரண்டாவதாக ஆனால்தான் அதில் எதிர்காலம் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் யாரும் அவனுக்குச் சொல்வதில்லை.

இது நேற்று முளைத்த வேலை என்று தகப்பன் நினைக்கிறார். நம்முடைய துறைமுகத்துக்கு அது பழைய வேலை. பிரித்தானியக் கடற்படை 1957இல் இங்கிருந்து போகும்வரை, மாலுமிகளின் உடம்பைப் பார்ப்பதற்கென்றே உடற்பயிற்சிப் பயிற்றுநர்கள் அந்தப் படையில் இருந்தார்கள். அவர்களுடைய சட்டைக் கைச் சின்னம் குறுக்கே வைத்த இரண்டு கட்டைகள். மாலுமிகள் அவர்களைக் கூப்பிடும் பட்டப்பெயரும் அந்தக் கட்டையை வைத்துத்தான். எந்தக் கட்டை? நம்முடைய கரலாக்கட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தியப் பயில்வான்களிடம் பார்த்து, கொண்டுபோய், தங்கள் படைப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டது. நம்மிடமிருந்து போன பொருளைச் சட்டையில் குத்திக்கொண்டு நம் துறைமுகத்துக்கே வந்து இறங்கினார்கள். நாம் இப்போது அதே அறிவை டொலர் கட்டிப் படிக்கிறோம்.

சரி, வருமானத்துக்கு வருவோம். இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

தனிப் பயிற்றுநர் விற்பது நேரம். திருகோணமலையில் ஆட்கள் உடற்பயிற்சிக்கு வரும் நேரம் இரண்டே இரண்டு: காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை, பின்னேரம் ஐந்திலிருந்து ஒன்பது வரை. நடுவில் வெயில், எல்லாரும் கந்தோரிலும் கடையிலும். ஆக, ஒரு நாளைக்கு விற்கக்கூடியது 7 மணித்தியாலம். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 42. ஒரு ஆள் வாரத்துக்கு மூன்று முறை வர வேண்டும். அதற்குக் குறைந்தால் பலன் தெரிய நாளாகும். 42ஐ 3ஆல் வகுத்தால் 14 பேர். இதுதான் உச்சம். இனி நிஜத்தைக் கழியுங்கள். உவர்மலையில் ஒரு வீடு, அடுத்தது உப்புவெளியில் ஒரு ஹோட்டல் என்றால் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேரும் நேரம் போகும். ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்குக் கல்யாண வீடு. முப்பது மணித்தியாலம் நிரம்பினால் பெரிய காரியம். அதாவது பத்துப் பேர். ஒரு தனிப் பயிற்றுநரின் குடும்பம் பத்துப் பேரின் கட்டணத்தில் நடக்கிறது. இரண்டு பேர் நின்றுவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. டுபாய்க் காணொளியில் இந்தக் கணக்கு வராது.

ஊருக்கென்று சில கணக்குகளும் உண்டு. வெள்ளைக்காரர் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருவது ஏறக்குறைய மே தொடங்கி செப்டெம்பர் வரை. தெற்குக் கரை ஓய்ந்திருக்கும் மாதங்களில் நமக்குப் பருவம். ஒக்டோபரில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் கடற்கரை வகுப்பு முடிந்தது. நோன்பு மாதத்தில் ஜமாலியாவிலும் கிண்ணியாவிலும் இருந்து வருகிறவர்களின் நேரம் முழுவதும் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு மாறும். அந்த மாதம் இரவு பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைக்கிற பயிற்றுநர் ஆளை இழக்கமாட்டார். "நோன்பு முடிய வாங்க" என்று அனுப்பிவிடுகிறவரிடம் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. வருடத்தைப் பன்னிரண்டு ஒரே மாதிரி மாதங்களாக நினைத்துக் கடன் எடுத்து ஜிம் போட்டவர்கள் கதை இந்த ஊரில் சிலருக்குத் தெரியும்.

மணித்தியாலம் கூடாது என்றால் வருமானம் எப்படிக் கூடும்? ஒரே மணித்தியாலத்தில் நான்கைந்து பேரைச் சேர்த்து எடுக்கலாம். ஆளுக்குக் கட்டணம் குறையும், மொத்தம் கூடும். மற்ற வழி, மற்றவர் கையில் எடுக்கப் பயப்படும் ஆளை எடுப்பது. எனக்கு நம்பிக்கை இருப்பது இந்த இரண்டாவது வழியில்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த ஊரில் ஜிம் என்றால் இருபது வயதுப் பையனின் புஜம். சுவரில் படம், கண்ணாடி, பாட்டு எல்லாம் அவனுக்காக. ஆனால் அவனிடம் காசு இல்லை. மூன்று மாதத்தில் கட்டாருக்குப் போய்விடுவான், அல்லது காதலித்து நின்றுவிடுவான். காசும் தேவையும் உள்ள ஆள் வேறு இடத்தில் இருக்கிறார். இலங்கையில் 2018-19இல் நாடளாவிய முறையில் நடந்த சுகாதார, முதுமை ஆய்வு, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு என்று கண்டது. ஏறக்குறைய நான்குக்கு ஒருவர். திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் சுமார் 3.8 இலட்சம். இங்கே எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சுகாதாரத் திணைக்களம் 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்து, 35 வயது தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரஷரும் இடுப்பளவும் இலவசமாகப் பார்த்து, "எக்சசைஸ் செய்யுங்க" என்று சொல்லி அனுப்புகிறது. எங்கே செய்வது, யாரோடு செய்வது, எவ்வளவு செய்வது? அந்தச் சீட்டோடு வெளியே வருகிற அம்மா உட்துறைமுக வீதியில் இரண்டு நாள் நடக்கிறார், மூன்றாம் நாள் முழங்கால் நோகிறது, விட்டுவிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவு மட்டும் அல்ல. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்றது. நடையை யாரும் சொல்லித்தர வேண்டாம். பாரத்தைச் சொல்லித்தர ஆள் வேண்டும். அங்கேதான் வேலை இருக்கிறது.

அந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை என் சொந்த அனுபவத்திலேயே காட்டலாம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். எனக்கு அப்போதே பிரஷர் குளிசை இருந்தது. சேர்ந்த அன்று காசைக் கேட்டார்கள், அடையாள அட்டையைக் கேட்டார்கள், குளிசையைக் கேட்கவில்லை. காலால் தள்ளும் இயந்திரத்தில் உட்கார வைத்த தம்பி, "மூச்சைப் பிடிச்சிட்டு ஒரே தள்ளு தள்ளுங்க அண்ணா" என்றான். தள்ளினேன். எழும்பியபோது கண் இருண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தம்பி தண்ணீர் தந்து, "புதுசுதானே, பழகிடும்" என்றான். பழகுகிற காரியம் அல்ல அது. மூச்சை அடக்கிப் பாரம் தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இரத்த அழுத்தம் எகிறுகிறது. மூச்சை விட்டதும் சட்டென விழுகிறது. தள்ளும்போது மூச்சை வெளியே விடு என்ற ஒற்றை வரி அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும். அந்தப் பையன் கெட்டவன் அல்ல. அவனுக்குச் சொல்லித்தந்தவனும் அப்படித்தான் பழகியிருப்பான்.

இதில் இன்னும் நுணுக்கங்கள் இருக்கின்றன. அட்டெனலோல், பிசோப்ரோலோல் வகைக் குளிசை போடுகிறவருக்கு எவ்வளவு ஓடினாலும் இதயத் துடிப்பு மற்றவருக்கு ஏறுகிற அளவு ஏறாது. கைக்கடிகாரத்தைப் பார்த்து "இன்னும் வேகம்" என்று விரட்டக் கூடாது. அவரோடு பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும்: வசனம் பேச முடிகிறது, பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அளவு சரி. இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுக்கிற சீனி வருத்தக்காரர் வெறும் வயிற்றோடு காலையில் வந்து பாரம் தூக்கினால் சீனி இறங்கிவிடலாம். கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறத் தொடங்கினால் அது களைப்பு அல்ல. பயிற்றுநரின் மேசை இழுப்பறையில் புரோட்டீன் டப்பா இருக்கிறதோ இல்லையோ, குளுக்கோஸ் பைக்கற் இருக்க வேண்டும்.

துறைமுகத்தை ஒட்டிய ஊருக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. அவர் ஜிம் பக்கமே வராதவர். சீனக்குடாப் பக்கம் மாவும் சீமெந்தும் ஏற்றி இறக்குகிறவர், திருக்கடலூரில் கரைவலை இழுக்கிறவர். அவர்களிடம் பலம் இருக்கிறது, நாரி போய்விட்டது. ஒரு தும்புத்தடிக் கம்பு போதும். கம்பை முதுகில் நெட்டுக்கு வைத்து, ஒரு கையால் கழுத்துக்குப் பின்னாலும் மற்றக் கையால் இடுப்புக்குப் பின்னாலும் பிடிக்கச் சொல்ல வேண்டும். கம்பு மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு. இனி முழங்காலைச் சற்று மடித்து, பின்பக்கத்தால் கதவைச் சாத்துவதுபோலக் குனியச் சொல்லுங்கள். இருபது வருடம் மூட்டை தூக்கிய ஆளுக்கு முதல் தடவையிலேயே வால் எலும்பிலிருந்து கம்பு விலகும். இடுப்பில் மடிய வேண்டிய உடம்பு முதுகில் மடிகிறது. அந்த விலகலை அவரே உணர்ந்ததும் முகத்தில் ஒரு மாற்றம் வரும் பாருங்கள், அதுதான் இந்தத் தொழிலின் மூலதனம். இந்தச் சனத்திடம் தனித்தனியாகக் கட்டணம் வாங்க முடியாது. ஆனால் மீனவர் சங்கங்களும் ஆட்களை வைத்து வேலை வாங்கும் நிறுவனங்களும் ஊரில் இருக்கின்றன. நாரி நோவால் லீவு போடும் நாள் யாருக்கு நட்டம் என்று கேட்டு, மாதம் நான்கு வகுப்பு என்று பேசிப் பார்த்த பயிற்றுநர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

பெண்கள் விடயம் இதைவிடத் தெளிவு. தமிழ்ப் பெண்ணானாலும் முஸ்லிம் பெண்ணானாலும், ஆண்கள் நிற்கும் ஜிம்முக்கு நாற்பது வயதில் முதன்முறையாகப் படி ஏறமாட்டார். பெண் பயிற்றுநர், பெண்களுக்கு மட்டுமான நேரம், மூடிய திரை இருந்தால் வருவார், தன் தங்கச்சியையும் கூட்டி வருவார். மூதூரிலும் கிண்ணியாவிலும் ஒரு பெண் இந்த வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டு வந்தால் அவரைத் தேடி ஆள் வரும், அவர் ஆளைத் தேட வேண்டியதில்லை. மேலே போட்ட கணக்கில் வீணாகிற காலை ஒன்பது முதல் பதினொரு மணிவரை இல்லத்தரசிகளுக்கு ஓய்வான நேரம். ஆண் பயிற்றுநருக்குக் கிடைக்காத இரண்டு மணித்தியாலம் அது. மகளை இந்த வேலைக்கு விடத் தயங்குகிற தாய் தகப்பனுக்கு இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, கணக்கே சொல்கிறது.

இனிப் படிப்பு. நம் நாட்டில் தொழிற் தகைமைகள் ஏழு மட்டங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். இதை மேற்பார்ப்பது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தொழிற்பயிற்சி தரும் நிறுவனம் இதில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே காசு கட்டுமுன் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழும்பி வாருங்கள். ஏற்கெனவே ஜிம்மில் நாலைந்து வருடம் நின்று கையால் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை. வகுப்பில் உட்காராமலே, செய்து காட்டி, ஆதாரம் கொடுத்து, மதிப்பீட்டில் தேறினால் தகைமைச் சான்றிதழ் பெறலாம். பட்டம் வரை போக விரும்புகிறவருக்கு சப்ரகமுவ, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞானம் சார்ந்த கற்கைகள் உள்ளன.

வெளிநாட்டுச் சான்றிதழ்கள் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. அதன் வழிகாட்டி நூல்தான் உலகம் முழுக்க அடிப்படை. அதைத் தவிர ஏஸ், நாஸ்ம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இரண்டும் பிரபலம். இவை ஒருமுறை வாங்கி மாட்டி வைக்கும் படம் அல்ல. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேலதிகமாகப் படித்துப் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் டொலர். 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது வரை போனபோது இந்தச் சான்றிதழை நினைத்தவர்கள் பலர் கைவிட்டார்கள். வளைகுடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ போகிற திட்டம் உறுதியாக இருந்தால் மட்டும் அந்தச் செலவு. பிரித்தானியாவில் ஜிம் பயிற்றுநர் என்றால் இரண்டாம் மட்டம், தனிப் பயிற்றுநர் என்றால் மூன்றாம் மட்டம் கேட்பார்கள். ஊரில் இருக்கப் போகிறவருக்கு உள்நாட்டுத் தகைமையும், முதலுதவிச் சான்றிதழும், வாசிக்கிற பழக்கமும் போதும். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவியை அந்த அமெரிக்க நிறுவனங்களே பரீட்சைக்கு முன்நிபந்தனையாக வைத்திருக்கின்றன. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் இலங்கையில் அதைக் கற்றுத்தருகின்றன. அதைப் படித்துவிட்டுத்தான் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்டீரொயிட் ஊசி விடயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் சம்பளம் குறைவு என்பதால் பயிற்றுநர்கள் புரோட்டீன் பவுடர் விற்ற கமிஷனில் வாழப் பழகுகிறார்கள். பவுடரிலிருந்து ஊசிக்கு அதிக தூரமில்லை. வைத்தியர் சீட்டில்லாமல் ஸ்டீரொயிட் விற்பது சட்டவிரோதம். உங்களிடம் பயிற்சி பெறுகிறவர் போட்டிக்குப் போகும் வீரர் என்றால் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க ஊக்கமருந்துத் தடைச் சட்டமும் சேரும். அந்த விதிகளில் கொடுத்த பயிற்றுநரும் குற்றவாளி, எடுத்த வீரர் மட்டும் அல்ல. ஒரு பையனின் ஈரல் கெட்ட செய்தி ஊருக்குள் பரவ ஒரு நாள் போதும். பத்துப் பேரில் வாழ்கிற தொழிலில் அதற்குப் பிறகு பிழைப்பு இல்லை.

தகப்பனின் சேமலாப நிதிக் கேள்வி மிச்சம் இருக்கிறது. அவர் கேட்டது நியாயம். ஜிம் முதலாளி ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12, ஊழியர் நூற்றுக்கு 8 கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி இன்னொரு 3. சிறிய ஜிம், இரண்டு பேர்தானே என்ற சமாதானம் சட்டத்தில் இல்லை. வேலைக்குச் சேரும் அன்றே அங்கத்துவ இலக்கம் கேட்பது பிள்ளையின் உரிமை, வாய்த் தகராறு அல்ல. தனியாகத் தொழில் செய்கிறவருக்கு முதலாளி இல்லை. வயது ஐம்பதில் தட்டு அடுக்கும் நாரி அவருக்கும் இருக்காது. மாதக் கட்டணத்தில் ஒரு பங்கை முதல் மாதத்திலிருந்தே ஒதுக்காவிட்டால் அவருக்கு ஓய்வூதியம் இல்லை. பயிற்றுநராக இருந்து கொண்டே ஒரு சிறிய நிலையத்தை நடத்துகிறவராகவோ, மற்றப் பயிற்றுநர்களுக்குப் படிப்பிக்கிறவராகவோ நாற்பதுக்குள் மாறியாக வேண்டும்.

ஆக, உவர்மலை அண்ணருக்கு என் பதில்: வேலைதான். உங்கள் மகன் புஜத்தை நம்பிப் போனால் ஐந்து வருட வேலை. உங்களைப் போன்ற ஐம்பது வயதுக்காரரின் முழங்காலைப் படித்துக்கொண்டு போனால் முப்பது வருட வேலை.

வாசகரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் எந்த ஜிம்மில் சேர்ந்தாலும், முதல் நாள் அங்கே உள்ளவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நெஞ்சு நோ வந்ததா, தலை சுற்றுமா, என்ன மருந்து, எந்த மூட்டில் வலி என்று ஏழு கேள்வி கொண்ட தாள் ஒன்று 1970களிலிருந்து கனடாவில் தொடங்கி உலகமெங்கும் புழங்குகிறது. அதைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். ஒன்றுமே கேட்காமல் பாரத்தைக் கையில் தந்தால், கட்டிய காசைத் திருப்பிக் கேளுங்கள்.